வாசல் பந்தல்: கீற்று முதல் வாடகைச் சாமியானா வரை

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாணம், கருமாதி என்று எது வந்தாலும் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் எழும் கேள்வி, வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான். கூடமும் திண்ணையும் போதாமல் போகும்போது வாசலும் கொல்லையும் சில நாளுக்கு வீட்டின் பகுதியாகின்றன. அந்த இடத்துக்குப் போடும் தற்காலிகக் கூரைதான் பந்தல். வெகுகாலம் அது அந்தந்த இடத்திலேயே கட்டப்பட்டு, அங்கேயே பிரிக்கப்பட்டது. தைத்து முடித்த துணிக் கூரையைக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்து, மறுநாள் சுருட்டித் திருப்பி அனுப்பும் பழக்கம் சிற்றூர்கள்வரை பரவியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

சங்கப் பாடல்களில் இச்சொல் 'பந்தர்' என்று வருகிறது. ரகரம் லகரமானது பின்னால். நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86ஆம் பாட்டு ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறது. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல், வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை, ஒரு பக்கம் உளுந்து சேர்த்த சோறு ஓயாமல் பரிமாறப்படும் பந்தி. கூரை எதனால் வேய்ந்தது என்று புலவர் சொல்லவில்லை. ஆனால் புதுமணல் பரப்பியதைச் சொல்லத் தவறவில்லை. பந்தல் போட்டால் தரையையும் சேர்த்துச் செப்பனிட வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

துணியும் பழையதுதான். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம் முத்துப் பந்தலின் கீழ், நீல விதானத்துக்கு அடியில் நடக்கிறது. பந்தல் வெயிலையும் மழையையும் தாங்கும் மேற்கூரை. விதானம் அதன் உட்புறத்தில் கட்டும் துணி, அழகுக்கும் தூசி விழாமல் காக்கவும். இந்த இரண்டடுக்கு ஏற்பாடு கீற்றுப் பந்தல் இருந்தவரை மாறவில்லை. துணியே கூரையாக நிற்பது வேறொரு மரபு, படையெடுப்போடு சேர்ந்தது. முல்லைப்பாட்டு வருணிக்கும் பாசறையில் கோலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டிய இருப்பிடங்கள் வருகின்றன. அரசனுடைய உள்ளறைக்கு யவனர் காவல். வீட்டுக்குப் பந்தல், படைக்குக் கூடாரம் என்றுதான் தமிழில் இரண்டும் தனித்தனியே வளர்ந்தன.

கோயிலும் அறமும் பந்தலுக்கு வேறு வேலைகள் தந்தன. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. வெயிலில் நடந்துவந்த திருஞானசம்பந்தருக்கு இறைவன் முத்துப்பந்தல் அனுப்பியதாகச் சொல்லும் பட்டீசுவரத்தில் அந்த விழா ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நடக்கிறது. தண்ணீர்ப் பந்தல் என்றால் நாலு கால், மேலே கொஞ்சம் கீற்று, கீழே பானை: பந்தலில் இதைவிடச் சிறியது கிடையாது. கோடை பிறந்ததும் கட்சிக்காரர்கள் திறந்துவைக்கும் மோர்ப்பந்தலும் இதே வம்சம்தான்.

கீற்றுப் பந்தலின் சரக்கு பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கிடைத்தது. காவிரிப் படுகையில் தென்னை மட்டையை நடுவே வகிர்ந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஓலை பதமானதும் இதழ்களை மாற்றி மாற்றிப் பின்னி முடைவார்கள். முடைவது பெரும்பாலும் பெண்கள், வேய்வது ஆண்கள். மூங்கிலோ சவுக்கோ கால்களாகும். குறுக்கே மூங்கில் வாரை போட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. பிரிக்கும்போது கயிற்றை அறுத்தால் போதும், மரம் சேதமாகாது. கோடைப் பந்தலுக்குத் தட்டையான கூரை போதும். மழைக்காலமென்றால் சரிவு வைத்துக் கீற்றை நெருக்கி வேய வேண்டும். வாசல் பந்தல் விருந்தாளிகளுக்கு, கொல்லைப் பந்தல் கோட்டை அடுப்புக்கும் சமையற்காரர்களுக்கும். இரண்டையும் தள்ளியே போட்டார்கள். பொறி பறந்தால் கீற்று என்ன ஆகும் என்பது தெரியாதவர்கள் இல்லை.

இந்தப் பந்தலுக்கு நிலையான அளவு என்று ஒன்று கிடையாது. வாசல் கோணலாக இருந்தால் பந்தலும் கோணலாக நிற்கும். நடுவே வேப்பமரம் இருந்தால் மரத்தைச் சுற்றிக் கீற்று போகும். கிணற்றடிவரை வேண்டுமென்றால் இரண்டு கால் கூடுதலாக நட்டால் தீர்ந்தது. 'எத்தனை அடிக்கு எத்தனை அடி' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, 'எதுவரைக்கும்' என்றுதான் கேட்பார்கள். இதை மாற்றியது சாமியானா. தைத்துவைத்த துணி நீளாது, குறுகாது. நிழல் வாசலைப் பார்த்து வளைந்த காலம் போய், நிழலின் அளவுக்கு வாசலைக் காலிசெய்யும் காலம் வந்தது.

கீற்றுப் பந்தலுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது ஆள் கணக்கிலிருந்து வந்ததல்ல, சாதியிலிருந்து வந்தது. வலங்கை, இடங்கை என்று தமிழகச் சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற காலத்தில், கல்யாணப் பந்தலுக்குப் பன்னிரண்டு கால் நடும் உரிமை தங்களுக்கே என்று வலங்கையார் கோரினார்கள். இடங்கையார் பதினொன்றைத் தாண்டக்கூடாது. குதிரை ஊர்வலம், கொடிச்சின்னம் போன்ற உரிமைகளோடு இதையும் சேர்த்தே சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் குறிப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. ஒரு மூங்கில் காலுக்கு அடிதடி நடந்திருக்குமா என்று இன்றைக்குத் தோன்றலாம். வாசலில் நிற்கும் பந்தலைத் தெருவே எண்ணிப் பார்க்கும். அங்கே ஒரு கால் கூடினால், இன்னார் தலைதூக்கிவிட்டார் என்று பொருள்.

விதானத் துணிக்கும் இதே கதை. பந்தலுக்குள் வெள்ளை கட்டுவதும், நடந்துவரும் வழியில் துணி விரிப்பதும் ஊர் வண்ணார் குடும்பத்தின் பொறுப்பு. வெளுக்கப் போட்ட வேட்டிகளும் சேலைகளும் ஒருநாள் விதானமாகிவிட்டு, பிறகு சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பும். கூலி நெல்லாகவோ விருந்துச் சோறாகவோ கிடைக்கும். இரவல் துணியைக் கட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டுபோகும் இந்த வேலையை வாடகைத் தொழிலின் முன்னோடி எனலாம். ஆனால் இதில் பேரம் கிடையாது, மறுக்கும் உரிமையும் கிடையாது. யாழ்ப்பாணத்திலும் வெள்ளை கட்டுவது வண்ணாரின் குடிமைத் தொழிலாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் வீட்டுக்கு அது மறுக்கப்பட்டது. பின்னாளில் கடைக்காரர் காசு கொடுத்த எவர் வீட்டிலும் படுதாவைக் கட்டினார் என்பது சின்ன விஷயமில்லை.

சாமியானா என்ற சொல் பாரசீக வழி வந்தது. 'டேரா போடுவது' என்ற பேச்சுவழக்கும் வடக்கத்திய கூடார உலகம் விட்டுச்சென்ற தடம். முகலாய அரசர்கள் தங்கள் காலத்தில் கணிசமான பகுதியைப் பயணத்தில் கழித்தவர்கள். அவர்களுக்குக் கூடாரங்களைக் கவனிக்க ஃபராஷ்கானா என்று தனி இலாகா இருந்தது. அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் கூடார வகைகள் வரிசையாக வருகின்றன. பார்கா என்னும் பெரிய கூடாரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும், அதை எழுப்ப ஆயிரம் ஃபராஷ்கள் ஒரு வாரம் உழைக்க வேண்டும். அதே பட்டியலில் சாமியானா மிகச் சின்ன உருப்படி. பன்னிரண்டு கஜச் சதுரத்துக்கு மேல் போகாத வெறும் மேற்கட்டி. அரசனுடைய மண்டபம் அரசோடு போய்விட்டது. மண்டபத்துக்கு முன்னால் நிழலுக்கு இழுத்துக் கட்டிய அந்தச் சின்னத் துணிதான் இன்று ஊர் ஊராகத் தெருமுனைக் கடைகளில் மடிந்து கிடக்கிறது.

தெற்கில் துணி மேற்கட்டிக்குத் தனிக் கலையே உண்டு. கும்பகோணத்தை அடுத்த கோடாலிக்கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பகுதிக் கலம்காரிக் கலைஞர்கள் கோயில் மண்டபங்களுக்கும் தேர்களுக்கும் வேண்டிய தொம்பை, தோரணம், அசுமானகிரி என்னும் சதுர மேற்கட்டி ஆகியவற்றை எழுதித் தந்தார்கள். அது கோயிலுக்கும் அரண்மனைக்கும் போன சரக்கு, சாதாரணக் குடும்பத்தின் வளைகாப்புக்கு வரவில்லை.

அரசர் கூடாரம் கொல்லை விருந்துக்கு வந்துசேர்ந்த கதை ஒன்றும் உண்டு. ஆனால் அது நடந்தது வேல்சில். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் மாண்டபின் கிடைத்த கொள்ளைப் பொருள்களில், பூச்சாடிகளும் பூக்களும் அச்சிட்ட பருத்தித் துணிக் கூடாரம் ஒன்று இருந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய பாவிஸ் கோட்டைத் தோட்டத்தில் நடந்த விருந்துகளுக்கு அதைக் கட்டி நிழல் போட்டார்கள். போர்க்களத்துக்குப் போன துணி கடைசியில் தேநீர்க் கோப்பைகளுக்கு மேல் நின்றது. அதன் பகுதிகள் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் வாடகைக் கடை பந்தலை வைத்துத் தொடங்கியதாகத் தெரியவில்லை. அண்டா, குண்டான், ஜாரணி, பந்திப்பாய், பவானி ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு என்று ஒரு வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் பொருள்களை வாங்கிவைத்து வாடகைக்கு விட்ட கடைகளில் மடக்கு நாற்காலியும் ஒலிபெருக்கியும் சேர்ந்தன. அதன் தொடர்ச்சியாகச் சாமியானாவும் வந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாகத் துணி வெட்டித் தைத்த மேற்கட்டி, உள்ளே வெள்ளை, ஓரத்தில் தொங்கும் ஜாலர், பக்கத்தை மறைக்க ஒரு படுதா, நடுவே நிமிர்த்த இரண்டு கம்பம், சுற்றிலும் முளைக்குச்சி. நாலு பேர் வந்தால் ஒரு மணி நேரத்தில் நிற்கும். கீற்றுப் பந்தலுக்கு இரண்டு மூன்று நாள் பிடித்த வேலை இது. மரத்துக்கும் கீற்றுக்கும் முதல் போட்டுத் திருவிழாக்களுக்குப் பெரும்பந்தல் எழுப்பிய பந்தல் காண்டிராக்டர் ஒரு வகை, இந்தக் கடைக்காரர் இன்னொரு வகை. முன்னவரிடம் ஆள் கட்டு அதிகம், பின்னவரிடம் சரக்குக் கட்டு அதிகம்.

கல்யாணத்தைக் கல்யாண மண்டபம் எடுத்துக்கொண்டது இந்தக் கடைகளைக் கவிழ்த்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மண்டபத்துக்குப் போகாத விசேஷங்களே அதிகம். சடங்கு, சீர், புதுமனை புகுவிழா, பிறந்த நாள், வீட்டுப் படையல் என்று ஐம்பது பேருக்கு உட்பட்ட கூட்டமெல்லாம் வாசலிலேயே நின்றது. கல்யாணம் இல்லாத ஆடியில் அம்மன் கோயில் கூழ்வார்ப்பு வந்து கைகொடுத்தது. சாவு வீட்டின் கதை வேறு. அதற்கு நாள் குறித்து முன்பணம் கட்ட முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் சாமியானாவும் இருபது நாற்காலியும் ஐஸ் பெட்டியும் போய்ச்சேர வேண்டும். சென்னையில் தெருவின் குறுக்கே ஒற்றைச் சாமியானாவும் அதன் கீழே நாற்காலிகளும் தெரிந்தால், கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

கீற்றின் காலத்தை முடித்தது நெருப்பு. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றியெரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆறு மாதம் கழித்து, ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். இந்தக் கடைசிச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்று அகற்றப்பட்டது. வீட்டு விசேஷத்துக்குக் கீற்று கேட்பவர்களும் அருகினார்கள். இரும்புக் குழாயும் தகரமும் அந்த இடத்தைப் பிடித்தன.

துணி பத்திரமானது என்ற எண்ணமும் சரியல்ல. 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாவுக்குப் போட்டிருந்த செயற்கை இழைத் துணிக் கூடாரம் உருகி மேலே விழுந்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கீற்று பிடித்து எரியும். செயற்கைத் துணி உருகித் தோலில் ஒட்டும். தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 8758, செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, உயரம் 3 மீட்டருக்குக் குறையக்கூடாது, பக்கத்துக் கட்டடத்துக்கும் பந்தலுக்கும் இடையே போதிய திறந்த இடைவெளி வேண்டும் என்கிறது. தெருவீடுகள் ஒட்டி நிற்கும் ஊர்களில் இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடித்த வாசல் சாமியானாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கும்பகோணம் தீ நடந்த அதே 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 10 முதல் பந்தல், சாமியானா ஒப்பந்தக்காரர்களின் தொழில் சேவை வரிக்குள் வந்தது. திருமண மண்டபங்கள் 1997 ஜூலையிலேயே உள்ளே வந்துவிட்டன. வரிச் சட்டம் பந்தலுக்கு ஒரு விளக்கமும் எழுதியது: அலுவல், சமூக, வணிக நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தனியே ஆயத்தம் செய்த இடம். காலும் கூரையும் இல்லாத வரையறை. ஈராயிரம் ஆண்டாக நிழலைக் குறித்த சொல், வரி அதிகாரியின் மேசையில் வெறும் இடமாகிவிட்டது.

பிறகு வந்தது மடக்குப் பந்தல். இழுத்தால் விரியும் இரும்புச் சட்டம், மேலே நீர் புகாத துணி, பத்தடிக்குப் பத்தடி. கயிறும் முளைக்குச்சியும் இல்லாமலே நிற்கும். கடைத்தெரு விளம்பரத்துக்கும் மருத்துவ முகாமுக்கும் வந்த இது வீட்டுக்குள் நுழைந்ததற்குப் பெருந்தொற்றுக் காலமும் ஒரு காரணம். 2020இல் பொதுமுடக்கத்தின்போது திருமணங்களுக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. இரண்டு தலைமுறைக்கு முன் வீட்டைவிட்டுப் போன கல்யாணம் வாசலுக்கும் மொட்டைமாடிக்கும் திரும்பியது. கட்டுப்பாடு நீங்கியதும் கல்யாணம் மண்டபத்துக்கே போய்விட்டது. சின்னப் பந்தல் பிறந்த நாளுக்கும் வளைகாப்புக்கும் தங்கிவிட்டது.

பந்தக்காலின் கதை தனி. நல்ல நாள் பார்த்து, ஈசானிய மூலையில் ஒரு மூங்கிலை நட்டு, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, பால் வார்த்துத்தான் பந்தல் வேலை தொடங்கும். அது முதல் கால், மற்றவை பின்னால் வரும். மண்டபக் கல்யாணத்தில் பந்தலே கிடையாது. சாமியானாவுக்கும் கால் நடுவதில்லை. ஆனாலும் அந்த ஒரு மூங்கில் மட்டும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சிமென்ட் போட்ட வாசலில் குழி தோண்ட வழியில்லாததால் கேட்டோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். சிலர் மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டுவைக்கிறார்கள்.

அந்தச் சிமென்ட்தான் இன்று வாடகைக்கு எடுப்பவரின் முதல் சிக்கல். மண்வாசலில் முளைக்குச்சி இறங்கும். சிமென்டில் இறங்காது. ஜன்னல் கம்பியிலும் மாமரத்திலும் கேட்டிலும் கயிற்றைக் கட்டிச் சமாளிக்கிறார்கள், அல்லது மணல்மூட்டையைக் காலில் வைத்து மடக்குப் பந்தலைப் போடுகிறார்கள். ஆடிக்காற்றுக்கு ஒரு மூட்டை போதாது. விவரம் தெரிந்த கடைக்காரர் ஆள் கணக்கைக் கேட்பதற்கு முன்னால், தரை மண்ணா சிமென்டா என்றுதான் கேட்கிறார். அடுத்து, உட்கார மட்டுமா, இலை போட்டுச் சாப்பாடா என்பார். நாற்காலியை மட்டும் வரிசையாகப் போட்டால் ஆளுக்கு 7, 8 சதுர அடி போதும், 15-க்கு 15 சாமியானாவில் ஏறக்குறைய முப்பது பேர் உட்காரலாம். மேசை போட்டு இலை விரித்து, பரிமாறுகிறவர் நடக்க வழியும் விட்டால் அதே இடத்தில் இருபது பேர்கூட நெருக்கம்தான். சமையலுக்குத் தனி இடம், அதுவும் தள்ளி. கயிறு இழுத்துக் கட்ட நாலு பக்கமும் மூன்று மூன்று அடி விட வேண்டியிருப்பதால், 15 அடிச் சாமியானா கேட்பவர் வீட்டில் 21 அடி வாசல் இருக்க வேண்டும்.